பிறரன்புக்கு எதற்குக் கைக்குழந்தை?

மறுமலர்ச்சிக் கால ஓவியங்களில் ஒரு பெண் அடிக்கடி வருவாள். ஒரு குழந்தை மடியில் பால் குடிக்கும், இன்னொன்று தோளில் தொங்கும், மூன்றாவது காலடியில் கிடக்கும். மாதா என்று நினைத்து ஏமாற வேண்டாம். அவள் பெயர் 'பிறரன்பு'. ஆந்த்ரேயா தெல் சார்த்தோ 1518ல் பிரான்ஸ் மன்னருக்காக வரைந்தவள் இன்றும் பாரிஸ் லூவரில் இருக்கிறாள். அழகுக்குக் குறைவில்லை. கோளாறு கருத்தில்தான்.

பெற்ற தாய் பிள்ளைக்குப் பால் கொடுத்தால் அது பிறரன்பா? இதில் 'பிறர்' யார்? தெருப்பூனைகூடத் தன் குட்டிக்குப் பால் கொடுக்கிறது! இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையில் அடிபட்டுக் கிடந்தவன் அவனுக்கு உறவுமில்லை, இனமுமில்லை. அதுதானே கதையின் உயிர்?

லத்தீனில் 'காரித்தாஸ்' பெண்பால் சொல், அதனால் பெண்ணாக வரைந்தார்கள் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். சரி, விசுவாசமும் நம்பிக்கையும்கூட லத்தீனில் பெண்பால்தான். அவர்கள் மடியில் யாரும் குழந்தையை வைக்கவில்லையே?

எல்லோரும் இப்படி வரையவில்லை. 1305 வாக்கில் படுவா நகரத்து ஸ்க்ரொவேஞ்ஞி சிற்றாலயத்தில் ஜொத்தோ வரைந்தவளுக்குக் குழந்தையே கிடையாது. ஒரு கையில் பழமும் பூவும் நிறைந்த கிண்ணம். மறுகையால் தன் இதயத்தையே கடவுளிடம் நீட்டுகிறாள். நிற்பது பணமூட்டைகளை மிதித்துக்கொண்டு! (ஆலயத்தைக் கட்டியவர் வட்டிக்கு விட்டவரின் மகன் என்பது தனி வேடிக்கை.) 1469ல் பியரோ தெல் பொல்லாயுவோலோ ஃப்ளாரன்ஸ் வணிகர் நீதிமன்றத்துக்கு வரைந்தபோது மடியில் குழந்தை இருக்கிறது, பணமூட்டையைக் காணோம். வியாபாரிகளுக்கு எவள் சௌகரியம் என்று சொல்லவும் வேண்டுமா?

ஏழையைக் கைக்குழந்தையாக்கிவிட்டால் அவன் வாய் திறந்து எதையும் கேட்க மாட்டான். கொடுப்பவர் தாயாகிவிட்டால் கணக்குக் கேட்பதே பாவம். இந்த ஓவியங்கள் பூசி மெழுகுவது இதைத்தான்.

அதே ஃப்ளாரன்ஸில் 1445ல் இன்னொசென்தி இல்லம் திறந்தது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இடம். விதை போட்டது தாத்தினி என்ற வியாபாரி 1410ல் சாகும்போது விட்டுப்போன 1000 ஃப்ளோரின். கட்டி நடத்தியது பட்டு வணிகர் சங்கம். பால் கொடுத்தவர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்ட செவிலித்தாய்கள், அவர்களில் பலர் கிராமத்து ஏழைப் பெண்கள். அப்படியும் ஏராளமான குழந்தைகள் இறந்தன. இந்தப் பெண்களை யார் 'பிறரன்பு' என்று பெயரிட்டு வரைந்தார்கள்?

அந்த இல்லத்து முகப்பில் 1487 வாக்கில் ஆந்த்ரேயா தெல்லா ராபியா சுடுமண் குழந்தைகளைப் பதித்தார். நீல வட்டத்துக்கு ஒன்றாக, உடம்பில் துணி சுற்றி, கைகளை விரித்தபடி நிற்கின்றன. எதன் பக்கத்திலும் தாய் இல்லை.