வென்ற வலையைப் பங்கிட்டவர்



அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஓர் அழகான வழக்கம் உண்டு. சாம்பியன் பட்டம் வென்ற அணிக்காக, ஆட்டம் முடிந்த கையோடு களத்துக்கு ஓர் ஏணி வரும். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக ஏறி, வளையத்தில் தொங்கும் வலையிலிருந்து ஆளுக்கோர் இழையைக் கத்தரித்துக்கொள்வார்கள். கடைசியில் பயிற்சியாளர் ஏறி மிச்சமிருக்கும் வலையை வெட்டி எடுப்பார். அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு படமெடுத்துக்கொள்வார். பிறகு அந்த வலை வீட்டு அலமாரிக்கோ கல்லூரியின் கண்ணாடிப் பெட்டிக்கோ போய்ச் சேரும்.

தெற்கு கரோலினா பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் பயிற்சியாளர் டான் ஸ்டேலி, 2017-இல் தான் வென்ற வலையை அப்படிப் பூட்டி வைக்கவில்லை. 2021-இல் அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஒரு கடிதத்தோடு நாடெங்கும் அனுப்பிவைத்தார். முதல்நிலைக் கல்லூரி அணிகளில் தலைமைப் பயிற்சியாளராக இருந்த கறுப்பினப் பெண்கள் ஏறத்தாழ 70 பேருக்கு ஆளுக்கொரு துண்டு போனது. அவர்களில் பலர் களத்தில் அவரை எதிர்த்து ஆட வேண்டியவர்கள். அவரைத் தோற்கடிக்க வேண்டுமென்று திட்டம் போடுகிறவர்கள்.

இந்த மாதம் உங்களோடு பேச இவரைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த வலைத்துண்டுகள்தான் காரணம். விளையாட்டில் வெற்றி பெற்றவர்கள் ஏராளம். பெற்ற வெற்றியை என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். டான் ஸ்டேலி அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவர்.

1970-இல் பிலடெல்பியா நகரில் பிறந்தவர் அவர். நகரின் வடக்குப் பகுதியில், ரேமண்ட் ரோசன் என்ற அரசுக் குடியிருப்பில் வளர்ந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அம்மா எஸ்டெல், தெற்கு கரோலினாவிலிருந்து வடக்கே வந்தவர். வீட்டில் கண்டிப்புக்குப் பெயர் போனவர். குடியிருப்பில் இருந்த ஆடுகளம் பையன்களுடையது. டான் அவர்களோடு முட்டி மோதித்தான் ஆட்டத்தைக் கற்றார். ஐந்தடி ஆறங்குல உயரம் என்பது கூடைப்பந்தில் குள்ளம்தான். அந்தக் குறையைப் பந்தைக் கையாளும் வேகத்தாலும், அடுத்தவர் எங்கே நிற்பார் என்பதை முன்கூட்டியே கணிக்கும் கூர்மையாலும் அவர் ஈடுகட்டினார்.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடியபோது, மூன்று முறை அவருடைய அணி தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுக்குள் வந்தது. 1991 இறுதி ஆட்டம் கூடுதல் நேரம் வரை போனது. பாட் சம்மிட் என்ற மாபெரும் பயிற்சியாளரின் டென்னசி அணி 70-67 என்று வென்றது. மூன்று புள்ளிகளில் பட்டம் கைநழுவியது. தோற்ற அணியில் ஆடியும், அந்தப் போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசு டானுக்கே கிடைத்தது. ஆனால் அவர் கேட்டது அந்தப் பரிசை அல்ல. கல்லூரிப் பட்டம் வெல்லாமலேயே படிப்பை முடித்து வெளியே வந்தார்.

பிறகு 1996 அட்லாண்டா, 2000 சிட்னி, 2004 ஏதென்ஸ் என்று மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம். ஏதென்ஸ் தொடக்க விழாவில் அமெரிக்கக் குழுவின் கொடியை ஏந்தி முன்னே நடந்தவரும் அவரே. இதற்கு நடுவே, 2000-இல், பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகம் பயிற்சியாளராக வரும்படி அழைத்தது. அவருக்கு அதில் முன்அனுபவம் கிடையாது. முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். சம்மதித்த பிறகு ஆறு ஆண்டுகள், குளிர்காலத்தில் கல்லூரி அணிக்குப் பயிற்சியாளர், கோடையில் தொழில்முறை அணியில் ஆட்டக்காரர் என்று இரண்டு வேலைகளையும் சேர்த்தே பார்த்தார். எட்டு ஆண்டுகளில் ஆறு முறை டெம்பிள் அணியைத் தேசியப் போட்டிக்குக் கொண்டு சேர்த்தார்.

2008-இல் தெற்கு கரோலினா அழைத்தது. மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் இருக்கும் பல்கலைக்கழகம் அது. அம்மா பிறந்த மாநிலமும் அதுதான். முதல் பருவத்தில் 10 வெற்றி, 18 தோல்வி. அடுத்த பருவத்தில் 14 வெற்றி, 15 தோல்வி. 18,000 பேர் அமரக்கூடிய அரங்கத்தில் பெரும்பாலான இருக்கைகள் காலி.

அந்த நாட்களில் அவர் செய்ததை நம் ஊர்ப் பள்ளி, கல்லூரி நிர்வாகிகள் கவனித்துப் படிக்க வேண்டும். அணியைத் தேற்றும் வேலையும் ஊரைச் சேர்க்கும் வேலையும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன. வந்திருந்த கொஞ்சம் பேரை அவர் மதித்தார், நின்று பேசினார், ரசிகர்கள் என்று சொல்லாமல் குடும்பம் என்று அழைத்தார். அதுவரை பல்கலைக்கழக அரங்கத்துக்குள் காலெடுத்து வைக்காத முதிய பெண்களும், பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் பாட்டிகளும் வந்து உட்காரத் தொடங்கினார்கள். 2015 வாக்கில், அமெரிக்கப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் சராசரியாக மிக அதிகமான பார்வையாளர்களை ஈர்க்கும் அணியாகத் தெற்கு கரோலினா உயர்ந்தது. அந்த முதலிடத்தை ஆண்டுதோறும் தக்கவைத்தது.

அந்த ஊரிலிருந்தே ஒரு பெண் வந்தார். ஏஜா வில்சன். கொலம்பியாவை ஒட்டிய பகுதியில் வளர்ந்தவர். எழுத்துக்களைப் படிப்பதில் தடுமாற்றம் தரும் டிஸ்லெக்சியா அவருக்கு இருந்தது. நாட்டின் பெரிய கல்லூரிகள் எல்லாம் அவரை அழைத்தன. அவர் வீட்டுக்குப் பக்கத்தில், ஸ்டேலியிடம் படிக்க முடிவு செய்தார். 2017-இல் மிசிசிப்பி ஸ்டேட் அணியை 67-55 என்று வென்று தெற்கு கரோலினா முதல் தேசியப் பட்டத்தை எடுத்தபோது, அணியின் தூண் ஏஜாதான். ஆட்டக்காரராக டானுக்கு எட்டாத பட்டம், 26 ஆண்டுகள் கழித்துப் பயிற்சியாளராகக் கைக்கு வந்தது.

2021 ஜனவரியில், அரங்கத்துக்கு வெளியே ஏஜாவுக்குச் சிலை வைத்தார்கள். அன்று அவர் தன் பாட்டியைப் பற்றிப் பேசினார். பாட்டி அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர். கறுப்பினச் சிறுமி என்பதால் வளாகத்துக்குள் நடக்க அவருக்கு அனுமதி இல்லை. சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் இருபதாம் நூற்றாண்டில் கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்டதே 1963-இல்தான். பாட்டி சுற்றிக்கொண்டு போன இடத்தில் பேத்திக்குச் சிலை! தெருவில் நடக்கவே தடை இருந்த வரலாறு நமக்கும் உண்டு. அந்தச் சிலையின் கனம் நமக்கு யாரும் விளக்காமலே புரியும்.

இனி அந்த வலைக்கு வருகிறேன். கறுப்பினப் பெண் பயிற்சியாளர்களில் கல்லூரித் தேசியப் பட்டத்தை முதலில் வென்றவர் கரோலின் பெக். 1999-இல் பர்டியூ பல்கலைக்கழகத்துக்காக வென்றார். 2015-இல் அவர் தன் வலையின் ஒரு துண்டை ஸ்டேலியிடம் கொடுத்தார். நீயும் ஒருநாள் வெல்வாய், வென்றதும் இதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, உன்னுடைய வலையிலிருந்து இன்னொருவருக்குக் கொடு என்பது ஏற்பாடு. ஸ்டேலி அந்தத் துண்டைத் தன் பணப்பையிலேயே வைத்திருந்தார். இரண்டே ஆண்டுகளில் வென்றார். பட்டம் வென்ற இரண்டாவது கறுப்பினப் பெண் பயிற்சியாளர் அவர்.

அடுத்து யாருக்குக் கொடுப்பது? அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்தில் ஆடுகிறவர்களில் கறுப்பினப் பெண்கள் மிகப் பலர். பயிற்சியாளர் நாற்காலியில் அவர்கள் எண்ணிக்கை எப்போதும் குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவரை மட்டும் எப்படித் தேர்ந்தெடுப்பது? எல்லாருக்கும் கொடுப்பது என்று அவர் முடிவெடுத்தார். பெக் கொடுத்தது ஒருவருக்கு ஒருவர் என்ற சங்கிலி. ஸ்டேலி அதை ஒரே வீச்சில் ஏறத்தாழ எழுபது கிளைகளாக விரித்துவிட்டார்.

அவருடைய சமூகப் பணியிலும் இதே குணத்தைப் பார்க்கலாம். ஒலிம்பிக்கில் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, பிலடெல்பியாவில் தன்னைப் போன்ற பின்னணியிலிருந்து வரும் பிள்ளைகளுக்காக ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். கொலம்பியாவுக்கு வந்த பிறகு 2013-இல் இன்னர்சோல் என்ற அமைப்பைத் தொடங்கினார். வீடில்லாமலும் வறுமையிலும் இருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஷூ கொடுப்பது அதன் வேலை. யாரோ போட்டுக் கழித்ததைக் கொடுப்பதில்லை. புத்தம் புதிய ஷூ. ஒரு பிள்ளை வகுப்பில் காலை இழுத்து மேசைக்கடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தால், பாடம் எப்படி மண்டையில் ஏறும்? புது ஷூவோடு வரும் பிள்ளை நிமிர்ந்து நடக்கும். உதவி செய்வதிலும் மரியாதை குறையக்கூடாது என்பதை இத்தனை எளிமையாகச் செய்து காட்ட முடியும் என்பதே எனக்குப் பெரிய பாடமாக இருக்கிறது.

2020-இல் அவருடைய அக்கா டிரேசிக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. அண்ணன் லாரன்ஸின் எலும்பு மஜ்ஜை பொருந்தியது. குடும்பத்தின் துயரத்தைக் கதவுக்குள் வைத்துக்கொள்ளாமல், ஸ்டேலி பொதுவெளியில் வந்து, மஜ்ஜை தானத்துக்குப் பெயர் பதிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். குடும்பத்துக்குள் பொருத்தம் கிடைக்காத நோயாளிகளுக்கு, முகம் தெரியாத யாரோ ஒருவர் பெயர் பதிந்து வைத்திருப்பது பெரிய நம்பிக்கை.

நியாயம் கேட்பதிலும் அவர் தயங்கியதில்லை. 2021-இல் கல்லூரிப் பெண்கள் போட்டி சான் அன்டோனியோவில் நடந்தது. ஆண்கள் போட்டிக்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடம். பெண்களுக்கு ஓர் அடுக்கு சிறிய எடைகள் மட்டும். ஓர் ஆட்டக்காரர் எடுத்த காணொளி அதை ஊருக்கெல்லாம் காட்டியது. போட்டி நடக்கும்போதே, தன் அணி அதில் ஆடிக்கொண்டிருக்கும்போதே, ஸ்டேலி அந்தப் போட்டியை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் பல்கலைக்கழகம் அவரோடு ஏழு ஆண்டுகளுக்கு 2 கோடியே 24 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டது. ஆண்கள் அணிக்கு இணையாகத் தன் உழைப்புக்கும் மதிப்பு வேண்டும் என்று அவர் வெளிப்படையாகக் கேட்டு வாங்கிய சம்பளம் அது. தனக்குப் பின்னால் வரும் பெண்கள் கேட்பதற்கு அது ஓர் அளவுகோலாகிவிட்டது.

ஆடுகளத்திலும் அவர் கை ஓங்கியே இருந்தது. 2021-இல் டோக்கியோவில் அமெரிக்க அணியின் பயிற்சியாளராக ஒலிம்பிக் தங்கம். 2022-இல் இரண்டாவது தேசியப் பட்டம். 2023-இல் ஒரு தோல்விகூட இல்லாமல் வந்த அணி, அரையிறுதியில் அயோவாவிடம் தோற்றது. அந்த அணியின் முதல் ஐந்து ஆட்டக்காரர்களும் அதோடு விடைபெற்றுப் போனார்கள். வேறு யாராக இருந்தாலும் இரண்டு மூன்று ஆண்டு அவகாசம் கேட்டிருப்பார்கள். அடுத்த பருவத்தில் முதல் ஐவராகப் புதியவர்களை இறக்கி 38 ஆட்டங்கள், 38 வெற்றிகள். இறுதியில் அதே அயோவாவை 87-75 என்று வென்றார்கள். அமெரிக்காவில் 1 கோடியே 80 லட்சத்துக்கும் அதிகமானோர் தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டம் அது. ஆண்கள் இறுதி ஆட்டத்தைவிடப் பெண்கள் இறுதி ஆட்டத்தை அதிகம் பேர் பார்த்தது அதுவே முதல் முறை.

2025 ஏப்ரலில் கொலம்பியா நகரம் டான் ஸ்டேலிக்குச் சிலை வைத்தது. ஏணியில் ஏறி, வெட்டிய வலையை உயர்த்திப் பிடித்திருக்கும் சிலை. அவர் முதலில் அதற்கு ஒப்பவில்லை. அந்த வழியே நடந்துபோகும் சிறுமிகள் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் சம்மதித்தேன் என்று சொன்னார். ஆண்களின் சிலைகளே நிறைந்த ஒரு தலைநகரில், அந்தக் காரணம் போதுமானது.

வாசகர்களே, இதையெல்லாம் படித்துவிட்டு, அமெரிக்காவில் பணம் இருக்கிறது, நடக்கிறது என்று நாம் கடந்துபோய்விடக்கூடாது. அங்கும் கல்லூரிப் பெண்களுக்கு விளையாட்டில் வாய்ப்பு தானாக வரவில்லை. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்று 1972-இல் ஒரு சட்டம் வந்த பிறகுதான் வழி பிறந்தது. வழியில் நடந்து காட்ட ஆட்கள் தேவைப்பட்டார்கள். நம்மிடமும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து புறப்பட்டு, இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அனிதா பால்துரையின் பெயர் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வது நம் பள்ளிகளில் வாடிக்கை. வயதுக்கு வந்த பிறகு பெண் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தத் தயக்கத்தை உடைக்கச் சட்டத்தால் மட்டும் ஆகாது. வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, நான் பார்த்துக்கொள்கிறேன் அம்மா, அனுப்புங்கள் என்று சொல்ல ஒரு பயிற்சியாளர் வேண்டும். அவர் பெண்ணாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இருக்கலாம். விடியற்காலையில் மைதானத்தைக் கூட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, கைக்காசில் பந்து வாங்கி, பிள்ளைகளை ரயிலேற்றிப் போட்டிக்கு அழைத்துப்போகும் ஆசிரியை ஒருவர். அவரைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். பெரிய பட்டம் எதுவும் அவர் வாங்கியிருக்க வேண்டியதில்லை. அவரால் எந்தப் பிள்ளையின் வாழ்க்கை எப்படி மாறியது என்று நாலு வரி போதும். வருகிற இதழ்களில் அவர்களுக்கென்று தனிப் பக்கம் ஒதுக்குகிறோம். எழுதுவதற்கு முன் இன்னொன்றும் செய்யுங்கள்: அடுத்த முறை உங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் ஆடும்போது, வீட்டில் இருப்பவர்களையும் அழைத்துக்கொண்டு போய்க் கடைசி வரை இருந்து பாருங்கள். கொலம்பியாவில் 18,000 பேர் நிறைந்த அரங்கமும் அப்படிப் போய் உட்கார்ந்த கொஞ்சம் பேரிலிருந்துதான் தொடங்கியது.

அன்புடன்,
ஆசிரியர்