பத்து, ஒன்பது, எட்டு



சென்ற மாதம் ஒரு வாசகி எழுதியிருந்தார். இரவு பதினோரு மணி, பேருந்து நிலையம், தூணில் சாய்ந்தபடி தனியாக ஒரு சிறுவன். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்க போனைக் கையில் எடுத்தாராம். ‘யார் எடுப்பார்களோ, நம்மை ஸ்டேஷனுக்கு அலைய விடுவார்களோ’ என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டாராம். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை என்கிறார். நானாக இருந்தாலும் தயங்கியிருப்பேன். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

அந்த எண்ணுக்கு ஒரு கதை உண்டு. மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் ஆசிரியராக இருந்த ஜெரூ பிலிமோரியா, தெருவோரப் பிள்ளைகளிடம் தன் வீட்டு நம்பரைக் கொடுத்துவைத்திருந்தார். நேரங்கெட்ட நேரத்தில் போன் அடிக்கும். ஒருவர் வீட்டு போன் எத்தனை பிள்ளைகளுக்குத் தாங்கும்? 1996-ல் சைல்டுலைன் என்ற உதவிச் சேவை பிறந்தது. எண்ணைத் தேர்ந்ததிலும் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு. இந்தியில் ‘தஸ், நௌ, ஆட்’. பத்திலிருந்து கீழே எண்ணினால் போதும், பள்ளிக்கூடம் பார்க்காத பிள்ளைக்கும் மறக்காது.

போன் இணைப்பு வாங்குவது இதில் சின்ன வேலை. அழைப்பை எடுப்பவருக்கு இந்த ராத்திரியில் எந்த இல்லத்தில் இடம் இருக்கிறது, எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்வார்கள், அந்த வட்டாரத்தில் உடனே கிளம்பக்கூடியவர் யார் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் சைல்டுலைன்காரர்கள் ஊருக்கு ஊர் தொண்டு நிறுவனங்களோடு கைகோத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையிடம் ஆள் போய்ச் சேர வேண்டும் என்று தங்களுக்கே இலக்கும் வைத்துக்கொண்டார்கள். பேசாத அழைப்புகளும் ஏராளமாக வரும். மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அப்போதும் போனை வைக்கக் கூடாது. இன்று பேசாத பிள்ளை நாளை பேசலாம்.

2023-ல் அரசே இந்தச் சேவையை ஏற்று, போலீஸையும் அழைக்கும் 112 அவசர எண்ணோடு இணைத்தது. போலீஸ் என்றாலே ஓடும் பிள்ளைகள் இனியும் தயங்காமல் அழைப்பார்களா என்பதுதான் என் கவலை.

அந்த வாசகிக்கும் உங்களுக்கும் ஒன்று: 1098-க்கு அழைக்கக் காசு கிடையாது, எந்நேரமும் அழைக்கலாம். உங்கள் பெயரைச் சொல்லத் தயக்கமா, சொல்ல வேண்டாம். எந்த ஊர், எந்த பிளாட்பாரம், என்ன நிறச் சட்டை என்று சொல்லுங்கள். ஆள் வரும்வரை, முடிந்தால், அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்