இரண்டு வாரத்தில் மனநலம் கற்க முடியுமா? கோலார் தங்கவயல் எழுப்பும் கேள்வி

கோலார் தங்கவயல்: நெஞ்சுப் படபடப்பு, இரவில் உறக்கமின்மை, கை கால்களில் தீராத குடைச்சல். இந்த மூன்றையும் சொல்லிக்கொண்டு ஒருவர் அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்தால் அவருக்கு இதயத் துடிப்புப் பதிவு எடுக்கப்படும். ரத்தப் பரிசோதனை எழுதித் தரப்படும். எல்லாம் சரியாக இருக்கிறது என்ற பதிலோடு வைட்டமின் மாத்திரையும் சில நாட்களுக்குத் தூக்க மாத்திரையும் கிடைக்கும். அடுத்த மாதம் அதே குறையோடு அவர் மீண்டும் வருவார். வீட்டில் என்ன நடக்கிறது, குடிப்பழக்கம் உண்டா, வாழ்வதில் விருப்பம் குறைந்திருக்கிறதா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெரும்பாலும் இது மருத்துவரின் அலட்சியத்தால் நேர்வதில்லை. அப்படிக் கேட்பதற்கு எம்.பி.பி.எஸ். படிப்பில் அவருக்கு யாரும் முறையாகப் பயிற்சி அளித்திருக்க மாட்டார்கள் என்பதே முதன்மையான காரணம்.

இந்தியாவில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர்கின்றனர். அவர்களில் மிகச் சிலரே மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கின்றனர். மற்ற அனைவரும் மனநலப் பாதிப்புள்ளவர்களை ஒவ்வொரு நாளும் சந்திக்கப் போகிறவர்கள். ஆனால் அந்தப் பாதிப்பு வயிற்றுவலி, தலைவலி, களைப்பு என்ற பெயர்களில்தான் அவர்கள் முன் வந்து நிற்கும். இளநிலைப் படிப்பில் மனநல மருத்துவத்தை எவ்வளவு, எங்கே, எந்த மொழியில் கற்பிப்பது என்ற கேள்விக்கு கோலார் தங்கவயல் போன்ற ஊர்களில் கூடுதல் அழுத்தம் உண்டு.

சுரங்கம் மூடிய ஊர்

1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தின் கீழ் வளர்ந்த தங்கச் சுரங்கங்களுக்கு வட ஆற்காடு, சேலம் உள்ளிட்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் வந்து குடியேறினர். அவர்களில் பெரும்பகுதியினர் தாழ்த்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், பாறை வெடிப்புக்கும் நுரையீரலை அரிக்கும் சிலிக்கா தூசிக்கும் நடுவே அவர்கள் உழைத்தனர். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனம் சுரங்கப் பணியை நிறுத்தியது. வேலையோடு நிறுவனத்தின் மருத்துவமனையும் போயிற்று. இன்று சயனைடு மண்மேடுகளின் அடிவாரத்தில் உள்ள லைன் வீடுகளில் ஓய்வுபெற்ற தொழிலாளர்களும் அவர்களின் பிள்ளைகளும் வாழ்கின்றனர். மாரிக்குப்பத்திலிருந்து விடியலுக்கு முன்பே புறப்படும் ரயிலில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர்.

வேலையிழப்பு, நீண்டகால நுரையீரல் நோய், மது, இரவும் பகலும் குலைந்த உறக்கம் ஆகியவை மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இட்டுச்செல்லும் என்பது மருத்துவ உலகில் நன்கு அறியப்பட்ட செய்தி. மூச்சிரைப்போடு வரும் முதிய சுரங்கத் தொழிலாளியின் மூச்சிரைப்பில் எவ்வளவு நுரையீரலுடையது, எவ்வளவு பதற்றத்துடையது என்று பிரித்தறிவது எளிதன்று. அதைச் செய்ய வேண்டியவர் மனநல நிபுணர் அல்லர். முதலில் பார்க்கும் பொது மருத்துவர்தான்.

கோலார் மாவட்டத்துக்கு இந்தத் துறையில் வேறொரு தொடர்பும் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வுக்கு முன்னோட்ட ஆய்வு நடந்தது இந்த மாவட்டத்தில்தான். பின்னர் 12 மாநிலங்களில் விரிந்த அந்த ஆய்வு, நாட்டின் வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்புடன் வாழ்வதாகக் கண்டறிந்தது. சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்களின் விகிதம், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. நாடு முழுவதற்குமான சராசரி 0.75. இந்த இடைவெளியை நிபுணர்களை மட்டும் கொண்டு நிரப்ப இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும்.

பாடத்திட்டம் சொல்வதும் தேர்வு சொல்வதும்

1997-ஆம் ஆண்டின் மருத்துவக் கல்வி விதிகளின்படி மனநல மருத்துவத்துக்கு 20 மணி நேர விரிவுரையும் இரண்டு வார மருத்துவமனைப் பயிற்சியும் மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தன. பயிற்சி மருத்துவராகப் பணிபுரியும் ஆண்டில் அது விருப்பத் தேர்வு. வேண்டாம் என்று விட்டுவிடலாம். பலர் விட்டுவிட்டனர்.

2019-இல் திறன் அடிப்படையிலான புதிய பாடத்திட்டம் வந்தபோது நிலைமை ஓரளவு மாறியது. விரிவுரை, சிறு குழுக் கற்றல், தன்னாய்வு மூன்றும் சேர்ந்து 40 மணி நேரம் ஆனது. 19 தலைப்புகளில் 117 திறன்கள் பட்டியலிடப்பட்டன. பயிற்சி ஆண்டில் இரண்டு வார மனநலப் பணி கட்டாயமாக்கப்பட்டது. நோயாளியிடம் பேசும் முறையையும் நெறிமுறைகளையும் கற்பிக்கும் தனிப் பயிற்சித் தொகுப்பும் சேர்க்கப்பட்டது. இவை முன்னேற்றங்கள் என்பதில் ஐயமில்லை.

ஆனால் மாணவர் எதைப் படிக்கிறார் என்பதைத் தீர்மானிப்பது பாடத்திட்டத்தைவிடத் தேர்வுதான். இறுதித் தேர்வில் மனநல மருத்துவத்துக்குத் தனித் தாள் இல்லை. பொது மருத்துவத் தாளில் தோல் மருத்துவத்தோடு சேர்ந்து அதற்கு ஓர் ஓரம் கிடைக்கிறது. அந்தப் பகுதியை முற்றிலும் விட்டுவிட்டும் ஒருவர் தேர்ச்சி பெற்று மருத்துவராகிவிட முடியும். இந்திய மனநல மருத்துவச் சங்கம் தனித் தாள் கோரிக்கையைப் பல்லாண்டுகளாக முன்வைத்து வருகிறது.

அண்டை நாடான இலங்கை இதில் வேறு வழியைத் தேர்ந்தது. அங்கு எம்.பி.பி.எஸ். இறுதியாண்டில் பொது மருத்துவம், அறுவைச் சிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேறு ஆகியவற்றோடு உளமருத்துவமும் தனிப் பாடம், தனித் தேர்வு. போரும் 2004 ஆழிப்பேரலையும் விட்டுச்சென்ற மனக்காயங்களுக்கு நடுவே யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் தமிழ்ச் சமூகத்தின் மொழியிலும் வழக்கத்திலும் ஊன்றிய உளநலப் பணியைக் கட்டியெழுப்பினர். ‘உளவளத்துணை’ என்ற சொல் ஈழத் தமிழில் சாதாரணமாகப் புழங்குகிறது. தமிழ்நாட்டிலும் தங்கவயலிலும் இன்றும் ‘கவுன்சிலிங்’ என்றுதான் சொல்கிறோம்.

தனித் தாள் என்பதற்கு எதிர்வாதமும் உண்டு. அது புறந்தள்ளத் தக்கதன்று. ஏற்கெனவே சுமை மிகுந்த படிப்பில் இன்னொரு தேர்வு வந்தால் மாணவர்கள் மனச்சிதைவின் வகைகளை மனப்பாடம் செய்வார்கள்; நோயாளியிடம் பேசக் கற்க மாட்டார்கள் என்கின்றனர் சில கல்வியாளர்கள். எழுத்துத் தாளை மட்டும் கூட்டினால் அப்படித்தான் ஆகும். ஒரு நோயாளியிடம் பத்து நிமிடம் பேசி, தற்கொலை எண்ணம் உண்டா என்று தயங்காமல் கேட்டறியும் திறனைச் செய்முறைத் தேர்வில் சோதிப்பதுதான் இதற்குப் பொருத்தமான வழியாகத் தோன்றுகிறது.

எங்கே கற்பிப்பது?

மாணவர் மனநலப் பிரிவுக்குச் செல்லும் இரண்டு வாரங்களில் பெரும்பாலும் காண்பது தீவிர நிலையில் அனுமதிக்கப்பட்டவர்களை. யாருமற்ற இடத்தில் குரல் கேட்பவர், தன்னைக் கொல்லச் சதி நடப்பதாக நம்புபவர். இந்த நோய்களை அறிவது அவசியம்தான். எனினும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அமரப்போகும் மருத்துவரிடம் இத்தகையவர்கள் எப்போதாவதுதான் வருவார்கள். அவர் அன்றாடம் சந்திக்கப் போவது வேறு கூட்டம்.

கோலார் ஒரு வேளாண் மாவட்டம். தக்காளிக்கும் பட்டுக்கும் பெயர்பெற்றது. பூச்சிக்கொல்லி வீட்டுக்குள்ளேயே இருக்கும் பகுதிகளில் எல்லாம் அதைக் குடித்தவர்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவது வழக்கம். அட்ரோபின் மருந்தை எந்த அளவில் தொடங்க வேண்டும், எதைக் கண்டு நிறுத்த வேண்டும் என்பதை இறுதியாண்டு மாணவர் தெளிவாகச் சொல்வார். உயிர் பிழைத்தவர் கண்விழித்ததும் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்றால் தடுமாறுவார். நஞ்சு முறிந்ததும் நோயாளி வீடு திரும்பிவிடுகிறார். மனநலப் பிரிவுக்கு அனுப்பும் குறிப்பு கோப்பில் இருக்கலாம்; அதற்குள் உறவினர்கள் ஆட்டோ பிடித்திருப்பார்கள். ஒருமுறை முயன்றவர் மீண்டும் முயலும் வாய்ப்பு அதிகம் என்பதால் இந்தச் சில மணி நேரம்தான் விலைமதிப்பற்றது. தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி 2022-இல் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர். தமிழ்நாட்டில் 19,834 பேர். கர்நாடகாவில் 13,606 பேர்.

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி அவரைத் தண்டிக்கலாகாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு. அவசர சிகிச்சைப் பிரிவில் காவல்துறைத் தகவல் படிவத்தை நிரப்பும் பயிற்சி மருத்துவருக்கு இது தெரிந்திருந்தால் அவர் நோயாளியிடம் பேசும் தொனியே மாறும்.

இதுபோலவே மதுவை நிறுத்திய மூன்றாம் நாளில் குழம்பிப் பிதற்றுபவர் இருப்பது பொது மருத்துவ வார்டில். பிரசவத்துக்குப் பிறகு குழந்தையைத் தொட மறுக்கும் தாய் இருப்பது மகப்பேறு வார்டில். மனநல ஆசிரியர் தம் பிரிவிலிருந்து இறங்கி இந்த வார்டுகளுக்கு மாணவர்களோடு வர வேண்டும். கூடுதல் கட்டிடமோ பெருஞ்செலவோ தேவைப்படாத மாற்றம் இது. துறைகளுக்கிடையே உள்ள சுவர்தான் தடை. மருத்துவக் கல்லூரிகளில் அது சிமெண்டுச் சுவரைவிட உறுதியானது.

மொழி என்னும் கருவி

இதயத்தின் ஒலியைக் கேட்க ஸ்டெதாஸ்கோப் போதும். மனநிலையை அறிய மொழி வேண்டும். கோலாரில் 1986 முதல் இயங்கும் ஸ்ரீ தேவராஜ் அர்ஸ் மருத்துவக் கல்லூரியும், தங்கவயலின் பெமல் நகரில் உள்ள சம்பிரம் மருத்துவக் கல்லூரியும் பல மாநில மாணவர்கள் பயிலும் இடங்கள். புதிய பாடத்திட்டத்தின் அடிப்படைப் பயிற்சியில் வட்டார மொழி கற்பதும் ஓர் அங்கம். கர்நாடகாவில் அது இயல்பாகவே கன்னடம். ஆனால் தங்கவயலின் லைன் வீடுகளில் பேசப்படுவது தமிழ். மாவட்டத்தின் கிழக்கே தெலுங்கும் கலந்து ஒலிக்கும்.

‘மனசு சரியில்லை’, ‘உடம்பெல்லாம் எரியுது’, ‘யாரோ செஞ்சு வெச்சுட்டாங்க’ என்று நோயாளி சொல்வதை உடன் வந்தவர் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ மொழிபெயர்க்கும்போது அதிலுள்ள துயரம் உதிர்ந்துபோகிறது. மொழிபெயர்ப்பவர் கணவராகவோ மாமியாராகவோ இருந்தால் பெண் நோயாளி சொல்லவந்ததே வெளிவராது. இருபது முப்பது உள்ளூர்ச் சொற்றொடர்களையாவது மாணவர்களுக்குச் சொல்லித் தருவது மருந்தளவு சொல்லித் தருவதற்கு எந்த வகையிலும் குறைந்ததன்று.

தேசிய மருத்துவ ஆணையம் அறிமுகப்படுத்தியுள்ள குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் மாணவர்கள் சில குடும்பங்களைப் படிப்புக் காலம் முழுவதும் தொடர்ந்து சந்திக்கின்றனர். கிராமங்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட திட்டம் அது. நகராட்சிக்குள் அடங்கிய சுரங்கக் குடியிருப்புகள் கிராமக் கணக்கில் வாரா. ஆயினும் ஒரு குடும்பத்தின் வேலையிழப்பு, குடி, நோய், படிப்பு எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் அருகிருந்து காண இவற்றைவிடப் பொருத்தமான இடம் மாவட்டத்தில் அரிது. விதியில் சிறு நெகிழ்வு போதும்.

மாணவர்களின் நிலை

கற்பவர்களின் மனநலமும் கவலைக்குரியதாகவே உள்ளது. ஆணையம் அமைத்த தேசியப் பணிக்குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கைக்காக 25,590 இளநிலை மாணவர்கள் இணையவழிக் கணக்கெடுப்பில் பதிலளித்தனர். அவர்களில் 27.8 சதவீதம் பேர் தமக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கூறினர். 16.2 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகத் தெரிவித்தனர். முதுநிலை மாணவர்களில் அந்த விகிதம் 31.2. தாமாக முன்வந்து பதிலளித்தவர்களின் கணக்கு என்பதால் இதை அப்படியே அனைவருக்கும் பொருத்த இயலாது. ஆனாலும் மனநல வகுப்பில் அமர்ந்திருப்பவர்களில் கணிசமானோர் அதைத் தம் கதையாகக் கேட்கின்றனர் என்பது இதனால் புலனாகிறது. உதவி தேடினால் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சும் மாணவர், பிற்காலத்தில் தம் நோயாளியிடம் அந்த அச்சத்தைப் போக்குவது கடினம்.

ஐம்பது ஆண்டு அனுபவம்

பொது மருத்துவர்களால் மனநலச் சிகிச்சை அளிக்க முடியுமா என்பது புதிய ஐயமன்று. 1970-களிலேயே நிம்ஹான்ஸ் பெங்களூருக்கு வெளியே சகலவாராவில் இதைச் சோதித்தது. 1980-களில் பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்குப் பயிற்சி அளித்து நடத்திய முயற்சியே 1996-இல் மாவட்ட மனநலத் திட்டமாகத் தேசிய அளவில் விரிந்தது. இன்று 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலும் கன்னடத்திலும் ஆலோசனை கிடைக்கிறது. பணியிலுள்ள மருத்துவர்களுக்குக் காணொலி வழியாகவும் நிம்ஹான்ஸ் பயிற்சி தருகிறது. கல்லூரியில் ஐந்தரை ஆண்டுகளில் கற்பிக்காமல் விட்டதை, வேலையில் சேர்ந்த பிறகு சில நாள் முகாம்களில் ஈடுகட்டும் ஏற்பாடாகவே இவற்றில் பல அமைந்துவிட்டன.

அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, அரசு மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் பணிபுரியும் எல்லா மருத்துவ அலுவலர்களுக்கும் அடிப்படை மற்றும் அவசர மனநலச் சிகிச்சையில் பயிற்சி அளிக்க வேண்டும் என்கிறது. மனநலப் பணியாளர்களின் எண்ணிக்கையைப் பத்து ஆண்டுகளுக்குள் சர்வதேச அளவுகோலுக்கு உயர்த்த வேண்டும் என்றும் கூறுகிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. பத்தாண்டு முடிவது 2028 மே மாதத்தில். 2022-ஆம் ஆண்டின் இறுதியில் எம்.பி.பி.எஸ். வகுப்பில் சேர்ந்தவர்கள் பயிற்சி ஆண்டையும் முடித்து வெளியே வருவது ஏறத்தாழ அதே வேளையில்தான்.