லென்ஸ் தினமும் புதிது, கண்ணீர்?

காலையில் உறையைப் பிரித்துக் கண்ணில் பொருத்திக்கொள்ள வேண்டும். இரவில் கழற்றிக் குப்பையில் போட்டுவிட வேண்டும். ஒருநாள் காண்டாக்ட் லென்ஸின் முறை இவ்வளவுதான். கழுவும் திரவம் வேண்டாம். ஊறவைக்கும் டப்பாவும் வேண்டாம். 1990-களின் நடுவில் மேலை நாடுகளில் விற்பனைக்கு வந்த இந்த லென்ஸ், இன்று பெண்ணாடம் போன்ற சிற்றூர் மாணவர்களையும் எட்டிவிட்டது. கண்ணாடி போட்டால் அழகு குறையும் என்று எண்ணும் மாணவர்களும், கல்யாணப் பேச்சு தொடங்கியதும் மகளின் கண்ணாடியை மறைக்க விரும்பும் பெற்றோரும் இதை நாடுகின்றனர். தினமும் புது லென்ஸ் அணிவதால் கண்ணுக்கு ஒரு தொல்லையும் வராது என்று பலரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை பாதிதான் சரி என்பது என் கருத்து. புது லென்ஸ் போடுவதால் பழைய லென்ஸின் அழுக்கு நீங்கும். ஆனால் கண்ணீரின் குறை நீங்குவதில்லை.

அழும்போது மட்டுமே கண்ணீர் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். விழித்திருக்கும் நேரமெல்லாம் நம் கண்மீது ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலம் பரவியிருக்கிறது. அதன் தடிமன் சுமார் 3 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் மூன்று பங்கு. அதன் அடியில் மியூசின் என்னும் வழவழப்பான பொருள் உண்டு. நீர் கண்ணோடு ஒட்டிப் பரவ உதவுவது அதுவே. நடுவில் உப்புகளும் புரதங்களும் கரைந்த நீர். கிருமிகளைத் தாக்கும் லைசோசைம் இந்தப் புரதங்களுள் ஒன்று. அலெக்சாண்டர் பிளெமிங் 1922-இல் அதைப் பற்றி எழுதினார். எல்லாவற்றுக்கும் மேலே, இமை ஓரத்திலுள்ள மைபோமியன் சுரப்பிகள் தரும் எண்ணெய்ப் பூச்சு.

இந்த எண்ணெய்ப் பூச்சின் வேலை என்ன? 1950-களில் ஆஸ்திரேலியாவில் நீர்த்தேக்கங்கள் வற்றுவதைக் குறைக்க, நீரின்மேல் செட்டைல் ஆல்கஹால் என்ற பொருளை மிக மெல்லிய படலமாகப் பரப்பிப் பார்த்தார்கள். ஆவியாதல் குறைந்தது. கண்ணிலும் இதே இயற்பியல்தான் நடக்கிறது. முயலின் கண்ணில் எண்ணெய்ப் பூச்சை நீக்கினால் ஆவியாதல் பல மடங்கு பெருகுகிறது என்று 1961-இல் மிஷிமா, மாரிஸ் என்ற இருவர் காட்டினர்.

கண்ணீர்ப் படலம் நிலையானதன்று. ஒவ்வோர் இமைப்பிலும் புதிதாகப் பரவுகிறது. பிறகு மெல்ல மெலிந்து ஆங்காங்கே உடைகிறது. உடைவது எப்படி என்பதை அறிய, பக்கத்து ஊரான விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலைப் பாருங்கள். ஒருமுறை சுட்ட பொம்மையின்மீது கிளேஸ் பூசி மீண்டும் சூளையில் இடுவார்கள். பொம்மையில் எங்காவது தூசியோ எண்ணெய்க் கைரேகையோ இருந்தால், உருகும் கிளேஸ் அந்த இடத்தைவிட்டு விலகிச் சுருண்டுவிடும். அங்கே வெறும் மண் தெரியும். ஒரு பரப்பு தன்மீது திரவத்தை ஒட்டவிடாதபோது, பரப்பு இழுவிசை அத்திரவத்தை உள்வாங்கிச் சுருட்டுகிறது. கண்ணீர்ப் படலத்தில் உலர்ந்த திட்டுகள் தோன்றுவதிலும் இதற்குப் பங்கு உண்டு.

இப்போது லென்ஸைப் பொருத்துவோம். மென்மையான லென்ஸை 1961-இல் செக்கோஸ்லோவாகியா நாட்டு வேதியியலார் ஓட்டோ விக்டெர்லே தம் வீட்டிலேயே வார்த்தெடுத்தார். அதற்கான இயந்திரத்தைக் குழந்தைகளின் விளையாட்டுக் கட்டுமானப் பெட்டியின் பாகங்களைக் கொண்டு அமைத்தார்! இன்றைய மென்லென்ஸின் நடுத்தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். அதாவது கண்ணீர்ப் படலத்தைப்போல் முப்பது மடங்கு தடிமனான பொருளை அந்தப் படலத்துக்குள் நுழைக்கிறோம். படலம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று லென்ஸின் கீழே, மற்றொன்று மேலே. மேலே உள்ள படலத்துக்கு அடியில் மியூசின் பூசிய கண் இல்லை, பிளாஸ்டிக்தான் இருக்கிறது. எண்ணெய்ப் பூச்சும் அங்கே சீராகப் பரவுவதில்லை. ஆகவே நீர் விரைவில் ஆவியாகிறது. படலமும் விரைவில் உடைகிறது. லென்ஸ் போட்ட சில நிமிடங்களிலேயே கண்ணீரின் புரதங்கள் அதன்மேல் படியத் தொடங்குகின்றன. புது லென்ஸுக்கும் இது பொருந்தும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 15 முறை இமைத்தால், இரு இமைப்புகளுக்கு இடையே 4 வினாடிகள். லென்ஸின் மேலுள்ள படலம் 6 வினாடிகள் நிலைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடையுமுன் அடுத்த இமைப்பு வந்துவிடுவதால் கவலையில்லை. இப்போது அதே மாணவர் கைபேசியைக் கூர்ந்து பார்க்கிறார். இமைப்பு நிமிடத்துக்கு 6 ஆகக் குறைகிறது. இடைவெளி 10 வினாடிகள். ஒவ்வொரு முறையும் 4 வினாடிகள் லென்ஸ் உடைந்த படலத்தோடு நிற்கிறது. கண் உறுத்துவதும் மாலையில் எரிவதும் இதனால்தான் பெரிதும் நேர்கின்றன. பார்வையும் மங்கி மங்கித் தெளியும். ஏனெனில் ஒளி முதலில் விலகல் அடையும் பரப்பே இந்தக் கண்ணீர்ப் படலம்தான்.

நம் ஊரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். கோடையில் வெள்ளாற்று மணலைத் தொட்டு வரும் காற்று, கரும்புச் சோகை எரியும் புகை, பேருந்தின் சன்னலோரப் பயணம், தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி ஆகிய எல்லாம் கண்ணீரை உலர்த்துபவை அல்லது அதில் தூசி சேர்ப்பவை. குளிரூட்டிய அறையிலும் காற்று உலர்ந்தே இருக்கும்.

அப்படியானால் ஒருநாள் லென்ஸே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். பழைய லென்ஸில் நாள்கணக்கில் படிவுகள் சேரும். கழுவுவதில் தவறுகள் நேரும். ஒருநாள் லென்ஸ் இவற்றைத் தவிர்க்கிறது. ஈரத்தைக் காக்கும் பொருள்களைச் சேர்த்தும் இப்போது செய்கிறார்கள். விளையாட்டு வீரர்களுக்கும் மிகுந்த கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கும் அது நல்ல துணை. நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: பார்வையை மட்டும் அளந்து லென்ஸ் கொடுப்பது போதாது, கண்ணீரையும் அளக்க வேண்டும்.

அளப்பது கடினமன்று. ஃபுளோரசின் என்ற சாயத்தைக் கண்ணில் இட்டு நீல ஒளியில் பார்த்தால், படலம் உடையும் இடம் கருந்திட்டாகத் தெரியும். அதுவரை ஆகும் வினாடிகளை எண்ண வேண்டும். லென்ஸ் இல்லாத நல்ல கண்ணில் இது பொதுவாக 10 வினாடிகளைத் தாண்டும். மென்லென்ஸ் சாயத்தை உறிஞ்சிவிடும் என்பதால், லென்ஸ் அணிந்த கண்ணில் ஒளிவளையங்களின் பிம்பம் குலையும் நேரத்தை அளப்பார்கள். இரண்டுக்கும் சில நிமிடங்களே தேவை. சென்னையில் 1985-இல் தொடங்கிய எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி போன்ற கல்லூரிகளில் முறையாகப் பயின்ற கண் பரிசோதகர்கள் தமிழ்நாட்டில் உள்ளனர். லென்ஸ் விற்கும் கடைகள் அத்தகையோரைக் கொண்டு இதை அளந்து, எண்ணைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். நீங்களும் கேட்டு வாங்க வேண்டும்.

மற்றொன்று, காசு மிச்சப்படுத்த ஒருநாள் லென்ஸை இரண்டு மூன்று நாள் போடும் வழக்கம். இது ஆபத்தானது. குழாய் நீரில் கழுவினால் அகாந்தமீபா என்னும் நுண்ணுயிர் லென்ஸில் ஒட்டிக்கொண்டு கார்னியாவையே அரிக்கக்கூடும். லென்ஸோடு தூங்கவும் கூடாது. கண் சிவந்தாலோ வலித்தாலோ வெளிச்சம் கூசினாலோ லென்ஸை உடனே கழற்றிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். தூசிப் புழுதியில் திரியும் நாளில் மூக்குக் கண்ணாடியே மேல். அதை அணிய வெட்கப்பட என்ன இருக்கிறது?

வகுப்பில் செய்து பார்க்க ஒரு சோதனை: இரு கண்ணாடித் தகடுகளைச் சோப்பால் நன்றாகக் கழுவுங்கள். ஒன்றில் மட்டும் எண்ணெய் தொட்ட விரலை வைத்துவிட்டு, இரண்டிலும் நீரைப் பரப்புங்கள். எதில் நீர் விலகுகிறது என்று பாருங்கள். பிறகு நண்பர் உங்களோடு பேசும்போதும் கைபேசி பார்க்கும்போதும் நிமிடத்துக்கு எத்தனை முறை இமைக்கிறார் என்று அவரறியாமல் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். லென்ஸ் வாங்க ஆசைப்படும் அண்ணனுக்கோ அக்காவுக்கோ அந்த இரு எண்களையும் காட்டுங்கள்.