மன்னவனூர்ச் சாலை யாருக்கு?

பூண்டு மூட்டை ஏற்றிய வண்டி நிற்கிறது. அதன் பின்னே அரசுப் பேருந்து நிற்கிறது. பேருந்துக்குள்ளே, தோட்ட வேலை முடித்துத் திரும்பும் தாய்மார்கள் நிற்கிறார்கள். எதிரே? சாலையில் பாதியை அடைத்துக்கொண்டு கார்கள்! ஓடும் கார்களல்ல, ஓய்வெடுக்கும் கார்கள். அவற்றுக்கு உரியவர்கள் பள்ளத்தாக்கைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். விடுமுறை நாளில் பூம்பாறை வழியாக மன்னவனூர் சென்ற தோழர்கள் இந்தக் காட்சியை அறிவார்கள்.

கோடைக்கானலிலிருந்து மன்னவனூர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். காரட்டும் உருளையும் இந்தச் சாலையில்தான் இறங்கவேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்றதே மலைப்பூண்டு, அதுவும் வடுகபட்டிச் சந்தைக்கு இந்த வழியாகத்தான் போகவேண்டும். பேறுகால வேதனையில் துடிக்கும் பெண்ணைக் கோடைக்கானல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும் இதே சாலையில்தான். சந்தை காத்திருக்குமா? பிள்ளைப்பேறு காத்திருக்குமா?

"வருகிறவர்களைத் தடுத்தால் எங்கள் வயிற்றில் அடிப்பதாகும்" என்கிறார்கள் விடுதிக்காரரும் கடைக்காரரும். தடுக்கச் சொல்லவில்லை நாம். வரட்டும், ஏரியைக் காணட்டும், ஆட்டுப் பண்ணையைக் காணட்டும். வாடிக்கையாளரை எண்ணி மகிழ்கிறவர், அவர் வந்த வண்டிக்கும் தம் மனையிலே இடம் ஒதுக்கவேண்டாமா? இலாபம் கல்லாவுக்கு, கார் மட்டும் பொதுச்சாலைக்கு என்பது எந்த ஊர்க் கணக்கு? சென்னை தியாகராய நகரிலும் இதே கதைதான். கடைகள் மாடிமேல் மாடியாக வளர்ந்தன. கார்களுக்குப் பல அடுக்கு நிறுத்தம் கட்டியதோ மாநகராட்சி, பொதுப்பணத்தில்!

2024 மே 7 முதல் மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025இல் சென்னை உயர்நீதிமன்றம் கோடைக்காலத்துக்கு அளவும் வைத்தது: கோடைக்கானலுக்கு வேலைநாளில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000. அரசுப் பேருந்துக்கும், உள்ளூர் வண்டிக்கும், விளைபொருள் வண்டிக்கும் விலக்கு அளித்தது. நல்ல தீர்ப்பு, வரவேற்கிறோம். ஆனால் மேலே என்ன நடக்கிறது? விலக்குப் பெற்ற பேருந்து, நிறுத்திவைத்த காருக்குப் பின்னால் கைகட்டி நிற்கிறது. வாசலிலே விலக்கு, வளைவிலே விலங்கு!

மோட்டார் சாலை வருமுன் வெள்ளைத் துரைமார் இந்த மலைக்கு எப்படி வந்தார்கள்? நாற்காலியில் அமர்ந்து, கூலியாட்களின் தோள்மீது! துரை போனார், நாற்காலி போனது. உழைப்பவன் ஒதுங்கி நிற்பது மட்டும் போகவில்லையே!

கார்களைக் கோடைக்கானலுக்கு வெளியே நிறுத்தட்டும். அங்கிருந்து பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் அரசுப் பேருந்துகள் அடுத்தடுத்து ஓடட்டும். காருக்கு நாலு பேர் என்றாலும், ஐம்பது பேர் ஏறும் ஒரு பேருந்து பன்னிரண்டு கார்களின் இடத்தை மிச்சமாக்கும். பெரிய விடுதிக்கும் கடைக்கும் உரிமம் புதுப்பிக்கும்போது, "வண்டி நிறுத்த இடம் எங்கே?" என்று அதிகாரிகள் கேட்கட்டும். காகிதத்தில் காட்டும் இடமல்ல, கார் நிற்கும் இடம்.

இதற்கெல்லாம் நாளாகும் என்பார்கள். ஆகட்டும். அதுவரை பூம்பாறை வளைவிலே ஒரு காவலரையேனும் நிறுத்துங்கள், கார்களை அல்ல!