முதலில் பேரல், அப்புறம் டீ

'தீப்பிடிக்காத பிளாஸ்டிக் சார்' என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். அப்படி ஒன்று கிடையாது. பிளாஸ்டிக் என்பது பெட்ரோலியத்தின் பேத்தி. பாட்டியின் குணம் எங்கே போகும்? காட்டிய தீயை எடுத்துவிட்டால் தானாக அணைந்துவிடும் பிளாஸ்டிக் உண்டு. அவ்வளவுதான்.

இதற்குப் பரீட்சைகூட இருக்கிறது. அமெரிக்காவின் யு.எல். நிறுவனம் வகுத்த 94-ம் எண் தரத்தில் 'வி-0' என்று ஒரு ரேங்க். சுமார் 5 அங்குலத் துண்டைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அடியில் 10 விநாடி தீயைக் காட்டி எடுப்பார்கள். 10 விநாடிக்குள் அணைய வேண்டும். மறுபடி காட்டுவார்கள், மறுபடி அணைய வேண்டும். உருகிச் சொட்டும் துளி கீழே இருக்கும் பஞ்சைப் பற்றவைக்கக் கூடாது. செல்போன் சார்ஜர், சுவிட்ச், ஆபீஸ் கம்ப்யூட்டரின் உள்பாகங்கள் என்று கரண்ட் ஓடும் பல இடங்களில் இந்த மாதிரி பிளாஸ்டிக்தான் காவல் காக்கிறது.

பிறக்கும்போது இது குருணை அரிசி மாதிரி இருக்கும். 25 கிலோ மூட்டையில் வரும். தொழிற்சாலையில் 'கிரான்யூல்ஸ்' என்பார்கள். மோல்டிங் மெஷின் வேறொன்றுமில்லை, ராட்சத முறுக்கு நாழி. மேலே ஹாப்பரில் குருணையைக் கொட்டினால், 'பேரல்' என்கிற சூடான இரும்புக் குழாய்க்குள் ஸ்க்ரூ அதைத் தள்ளிக்கொண்டு போகும். உருகும், அச்சில் பாயும், ஆறும். சார்ஜர் மூடி ரெடி.

சரி, தீ எப்படி அணைகிறது? குருணைக்குள் ஒரு தீயணைப்பு வீரரைத் தூங்க வைத்திருக்கிறார்கள். பல ரகங்களில் அவர் பெயர் புரோமின். (பாஸ்பரஸ் போட்ட ரகங்களும் உண்டு. அது தனிக் கதை.) சூடு அளவை மீறியதும் புரோமின் விழித்துக்கொண்டு, ஹைட்ரஜன் புரோமைடு என்ற வாயுவாக வெளியே பாய்ந்து, தீ ஓடுவதற்குத் தேவையான துணுக்குகளைப் பிடித்து அமுக்கிவிடும். ஆன்டிமனி ட்ரைஆக்சைடு என்று ஓர் அசிஸ்டென்ட்டும் கூடவே இருப்பார்.

இப்போது யோசியுங்கள். சூட்டில் உடைவதுதான் அவருடைய உத்தியோகம். பேரலுக்குள்ளும் சூடுதான்! ஏ.பி.எஸ். ரகம் என்றால் சுமார் 200 முதல் 230 டிகிரி. குருணை சட்டென்று நுழைந்து சட்டென்று அச்சுக்குப் போய்விட்டால் வம்பில்லை. அதே சூட்டில் அப்படியே உட்கார வைத்தால்? தீயே இல்லாத இடத்தில் தீயணைப்பு வீரர் எழுந்து வேலையை ஆரம்பித்துவிடுவார். அணைப்பதற்கு எதுவும் இல்லை. எதிரே நிற்கும் ஆபரேட்டரின் கண், மூக்கு, தொண்டைதான் இருக்கிறது.

* * *

அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்குத் தெரிந்த ஒருவர் சூபர்வைசர். ஒரு நாள் அவரைப் பார்க்கப் போனேன். மெஷின் நின்றிருந்தது, அச்சில் ஏதோ கோளாறு. ஃபிட்டர் வரட்டும் என்று காத்திருந்தார்கள். அதற்குள் ஒரு பையன் டீக்குக் கிளம்பினான். இருபது வயதுதான் இருக்கும்.

"தம்பி, பேரல்ல என்ன கிடக்கு?"

"எஃப்.ஆர். மெட்டீரியல் சார்."

"காலி பண்ணியா?"

"அஞ்சு நிமிஷந்தானே சார்..."

"ஃபிட்டர் அஞ்சு நிமிஷத்துல வந்ததா சரித்திரமே இல்ல. முதல்ல பேரல், அப்புறம் டீ."

பையன் முனகிக்கொண்டே ஹாப்பர் அடைப்பை மூடி, உள்ளே இருந்ததைப் பிதுக்கித் தள்ளினான். பழுப்பேறிய ஒரு கட்டி வந்து விழுந்தது. அதிலிருந்து மெல்லிய புகை. ஐந்தடி தள்ளி நின்ற எனக்கே கண் கரித்தது. இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். சூபர்வைசர் பதில் சொல்லவில்லை. ஷெல்ஃபிலிருந்து ஓர் அச்சை எடுத்துக் காட்டினார். பளபளவென்று இருக்க வேண்டிய எஃகில் சொறி பிடித்த மாதிரி துரு. "இரும்பையே இப்படித் தின்னுது சார். நுரையீரல் என்ன, குரோம் பிளேட்டிங் பண்ணினதா?" என்றார்.

* * *

வில்லங்கமான விஷயம் இன்னொன்று இருக்கிறது. பற்சக்கரம், கிளிப் செய்கிற அசிட்டால் என்ற பிளாஸ்டிக்கும் வெள்ளைக் குருணைதான். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி, குணத்தில் பங்காளிகள். புரோமின் ரகம் விடும் அமில வாயு பட்டால் அசிட்டால் படபடவென்று உடைந்து பார்மால்டிஹைடு ஆகிவிடும். காலேஜ் ஜுவாலஜி லேபில் தவளை ஊறிய ஜாடி ஞாபகம் வருகிறதா? அதே நெடி. மூடிய பேரலுக்குள் அழுத்தம் ஏறினால், உருகிய பிளாஸ்டிக் முன்னால் நாசில் வழியாகவோ பின்னால் ஹாப்பர் வழியாகவோ பீறிட்டு அடிக்கும். பி.வி.சி.க்கும் அசிட்டாலுக்கும் இதே ஜென்மப் பகைதான். ஒன்றை ஓட்டிவிட்டு மற்றதைப் போடும் முன் நடுவில் பாலிஎதிலீன் போட்டுப் பேரலைச் சுத்தமாகத் துடைத்தெடுப்பது இதற்காகத்தான்.

மூட்டை மாறினால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரத்திலேயே பெரிய சாட்சி உண்டு. 1973-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். மிச்சிகன் கெமிக்கல் என்ற கம்பெனி 'ஃபயர்மாஸ்டர்' என்ற பெயரில் புரோமின் தீத்தடுப்பு மருந்தும், 'நியூட்ரிமாஸ்டர்' என்ற பெயரில் மாட்டுத் தீவனத்தில் கலக்கும் மெக்னீசியம் ஆக்சைடும் தயாரித்தது. மாஸ்டர்கள் இருவரும் இடம் மாறிவிட்டார்கள். தீவன ஆலைக்குப் போனது தீத்தடுப்பு மருந்து. மாடுகள் மெலிந்தன, பால் வற்றியது. காரணம் புரியவே மாதக்கணக்கில் ஆனது. சுமார் 30,000 மாடுகளையும் 15 லட்சம் கோழிகளையும் கொன்று புதைத்தார்கள். அதற்குள் பாலும் கறியும் முட்டையும் ஜனங்களின் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்திருந்தன. அந்த மருந்து பொடி, நம் சரக்கு குருணை. ஆனால் பாடம் ஒன்றுதான்: மூட்டையைக் கண்ணால் பார்த்தால் போதாது, படிக்க வேண்டும்.

* * *

குருணையைத் தொட்டாலே ஆபத்து என்று ஓட வேண்டாம். மருந்து உள்ளே சிறைப்பட்டிருக்கிறது. தூளும் சூடும்தான் எதிரி. பிளாஸ்டிக் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகள் இதைக் கத்தரித்து லாக்கரில் ஒட்டிக்கொள்ளலாம்:

மெஷின் நின்றால் பேரலைக் காலி செய்து, சூட்டையும் குறைக்கவும். நீண்ட நேரம் நிற்கும் என்றால், உள்ளே சாதா மெட்டீரியலை ஓட்டி வைக்கவும்.

பிதுக்கிய கட்டி மேலே ஆறினாலும் உள்ளே கொதிக்கும். கையால் தொடாதீர்கள். உலோக வாளித் தண்ணீரில் போடுங்கள். நாசிலுக்கு நேரே நிற்காதீர்கள். ஹாப்பருக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

கர்ச்சீப், துணி மாஸ்க் எதுவும் வாயுவைத் தடுக்காது. நாசில் பக்கத்திலேயே புகையை உறிஞ்சும் குழாய் வேண்டும். கூரையில் சுற்றும் ஃபேன் புகையைப் பக்கத்து மெஷின்காரருக்கு சப்ளை செய்யும், அவ்வளவுதான்.

ரன்னர் கழிவை அரைக்கும்போது தூள் மாஸ்க் அவசியம். புதுச் சரக்கில் அரைத்ததைக் கலப்பதற்கு யு.எல். பொதுவாக அனுமதிப்பது எடையில் 25 சதவிகிதம் வரை. பழைய டி.வி. பெட்டியை அரைத்த மலிவுச் சரக்கு வந்தால் உஷார். அதில் பி.பி.டி.இ. என்ற பழைய புரோமின் மருந்து இருக்கலாம். எலெக்ட்ரானிக் சாமான்களில் அது 0.1 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய விதி 2014 மே முதல் சொல்கிறது.

தரையில் சிந்தினால் உடனே கூட்டுங்கள். மிதித்தால் பால்ரஸ் மேல் நடந்த கதிதான்.

ஒரு தடவை பேரலைக் காலி செய்தால் கொஞ்சம் சரக்கு வீண். முதலாளிக்கு அது கண்ணில் தெரியும் நஷ்டம். பையனின் தொண்டை எரிச்சல் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது. ஆகவே அண்ணா, நீங்கள் அந்த ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் பார்ப்பவராக இருந்தால் ஓர் உதவி செய்யுங்கள். அந்த வீண் சரக்கைச் 'சேதாரம்' என்று எழுதாதீர்கள். 'பாதுகாப்பு' என்று தனியாக ஒரு தலைப்புப் போட்டு எழுதுங்கள். சேதாரம் என்றால் குறைக்கச் சொல்லி மெமோ வரும். பாதுகாப்பு என்றால் ஆடிட்டர்கூட வாயைத் திறக்கமாட்டார்!