உறக்கமும் ஓர் உரிமையே

உடல் வருந்த உழைப்பவனுக்கு உறக்கம் அழையாமலே வரும் என்பது நம் நாட்டில் வெகு காலமாக நிலவிவரும் நம்பிக்கை. படுக்கையில் தூக்கமின்றிப் புரள்வது தனவந்தரின் வியாதி என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். இருங்காட்டுக்கோட்டையில் அந்த நம்பிக்கை பொய்த்துவிட்டது. இரவு முழுவதும் யந்திரத்தின் முன் நின்று களைத்து, காலையில் அறைக்குத் திரும்பும் வாலிபன் பாயில் விழுகிறான். கண் எரிகிறது, தேகம் கெஞ்சுகிறது, உறக்கமோ வர மறுக்கிறது. இத்தகையோர் அங்கே ஒருவர் இருவரல்லர். கூலியைப் பற்றிப் பேசுவோர் பலர். உறக்கத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஆகையால் இன்று இவ்விஷயத்தை நேயர்களின் முன் வைக்கிறோம்.

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில், முப்பது ஆண்டுகளுக்கு முன் வயலும் ஏரியுமாய் இருந்த வட்டாரம் இது. 1996 இல் கொரியா தேசத்து ஹூண்டாய் கம்பெனி இருங்காட்டுக்கோட்டையில் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. 1998 இல் அங்கிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. பின்னர் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று ஆலைகள் பெருகின. தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாகாணங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் அங்கே குறுகிய அறைகளைப் பங்கிட்டுக் கொண்டு வாழ்கிறார்கள். ஒருவன் படுக்கும் நேரம் மற்றொருவன் எழும் நேரம். காலை ஷிப்டு, மாலை ஷிப்டு, இராத்திரி ஷிப்டு என்று வாரந்தோறும் முறை மாறுகிறது. வாரம் மாறுகிறது, தேகம் மாறுவதில்லை. நோயின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மனிதனுடைய மூளையின் அடிப்பாகத்தில் காலத்தை அளக்கும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. கண் வழியாக வரும் பகலொளியே அதைத் திருத்தி வைக்கிறது. எப்போது உடற்சூடு தணிய வேண்டும், எப்போது உறக்கம் கூட வேண்டும், எப்போது பசி எடுக்க வேண்டும் என்பதை அதுவே நிர்ணயிக்கிறது. உயிரணுக்களுக்குள் இக்கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காகவே ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017 ஆம் ஆண்டின் வைத்திய நோபல் பரிசு கிடைத்தது. இராத்திரி ஷிப்டில் நிற்பவன் தன் கடிகாரம் உறங்கு என்னும் வேளையில் விழித்திருக்கிறான்; அது விழி என்னும் வேளையில் உறங்க முயல்கிறான். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்னும் மெதுவான கதியில்தான் அக்கடிகாரம் இடம் மாறும். அது பாதி தூரம் வருவதற்குள் வாரம் முடிந்து, முறை மாறிவிடுகிறது. நாளடைவில் விடுமுறை நாளின் இரவிலும் உறக்கம் வருவதில்லை. "இன்றும் தூக்கம் வராதோ" என்னும் அச்சமே தூக்கத்தைத் துரத்துகிறது. அப்போது அது தனி வியாதியாகிவிடுகிறது.

இதன் விலை அற்பமானதன்று. விடியற்காலையில் வேலை முடிந்து இருசக்கர வாகனத்தில் வீடு திரும்புகிறவன் ஒரு கணம் கண் அயர்ந்தால் உயிருக்கே ஆபத்து. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், உடலின் காலக்கிரமத்தைக் குலைக்கும் ஷிப்டு வேலை புற்றுநோய் விளைவிக்கக்கூடியதாக இருக்கலாம் என்று 2007 இல் வகைப்படுத்தியது. 2019 இல் இரவு வேலையைப் பற்றி அதையே உறுதி செய்தது.

தொழிலாளித் தோழர் தாமே செய்துகொள்ளக் கூடியவை சில உண்டு. முதலாவது, தூக்க மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும். நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதற் சிகிச்சை மாத்திரையன்று. பழக்கத்தையும் எண்ணத்தையும் சீர்ப்படுத்தும் முறையே என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016 இல் அறிவித்தது. அம்முறையின் சாரம் எளியது. பகல் வேலை நாட்களில், எப்போது உறங்கினாலும் எழும் நேரத்தை மாற்றாதிருக்க வேண்டும். படுக்கை உறக்கத்திற்கே உரியது. அதில் கிடந்து கைப்பேசியைப் பார்ப்பது கூடாது. இருபது நிமிஷம் சென்றும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்திருந்து, கண் அசந்த பிறகே திரும்ப வேண்டும். நேற்று இழந்ததை ஈடு செய்வதற்காக இன்று முன்னதாகவே படுத்துக் காத்திருப்பது வீண்.

இரவு வேலைக்குச் செல்பவர் புறப்படுமுன் ஒன்றரை மணி நேரம் உறங்கிச் செல்வது நலம். தேநீரை முன்னிரவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதன் வேகத்தில் பாதி தணியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். காலையில் அறைக்கு வந்ததும் ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, தாமதமின்றிப் படுக்க வேண்டும். மது உறக்கத்தைத் தருவது போலத் தந்து பின்பாதியைப் பறித்துவிடும். பலத்த குறட்டையும், உறக்கத்தில் மூச்சுத் திணறலும் உள்ளவர் வைத்தியரைக் காண்பது அவசியம்.

இவையெல்லாம் பயனுள்ளவையே. ஆயினும் இவற்றைச் சொல்லி நிறுத்திக்கொண்டால் தொழிலாளிக்கு நாம் அநீதி இழைத்தவர்களாவோம். எழும் நேரத்தை மாற்றாதே என்று வைத்தியர் சொல்லலாம். வாரந்தோறும் அந்நேரத்தை மாற்றுவது ஆலையின் அட்டவணை அல்லவா? அட்டவணை செய்த நோயைத் தனிமனிதனின் ஒழுக்கம் மட்டும் தீர்த்துவிட முடியாது.

வேலை நேரம் பொதுப் பிரச்னை என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1908 இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர், வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்க வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு ஓய்வு நாளையும் கேட்டார்கள். 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் தொழிலாளர் தினம் கொண்டாடினார். 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. 2025 நவம்பரில் அதன் இடத்திற்கு வந்த புதிய சட்டத் தொகுப்பும் அவ்வரம்பை வைத்திருக்கிறது. 2023 ஏப்ரல் 21 ஆம் தேதி, இந்த நேர வரம்புகளைத் தளர்த்த இடம் தரும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியபோது எழுந்த எதிர்ப்பின் முன், மே முதல் நாளன்று அரசு அதை வாபஸ் பெற்றது. எத்தனை மணி நேரம் என்பதற்காக நூறாண்டுக்கு மேல் போராடினோம். எந்த மணி நேரம் என்று இன்னும் நாம் கேட்கவில்லை.

இனி அதைக் கேட்க வேண்டும். கண்ணாடி உருக்கும் உலையை இரவில் அணைத்துக் காலையில் மூட்ட இயலாது. ஏற்றினால் ஆண்டுக் கணக்கில் எரிய வேண்டும். அங்கே இரவு வேலை தொழிலின் இயல்பு. காரைப் பூட்டுவதற்கோ கைப்பேசியைக் கோப்பதற்கோ அந்த நிர்ப்பந்தம் இல்லை. போட்ட முதல் விரைவில் திரும்ப வேண்டும் என்னும் கணக்கே அங்கே இரவை விழிக்க வைக்கிறது. கணக்குக்காக இரவைக் கேட்பவர், அதற்குரிய காப்பையும் தர வேண்டும்.

காப்பு என்பது என்ன? ஷிப்டு மாறுவதாயின் காலை, மாலை, இரவு என்னும் முன்னோக்கிய வரிசையில் மாற வேண்டும். மேற்கே பறப்பவன் கிழக்கே பறப்பவனைவிட எளிதில் தேறுவதைப் போல, உடற்கடிகாரம் பின்தள்ளிப் போவதற்கே எளிதில் இசையும். ஒரு ஷிப்டுக்கும் அடுத்ததற்கும் இடையே பதினொரு மணி நேர ஓய்வு வேண்டும். ஐரோப்பாவில் 2003 ஆம் ஆண்டு விதி இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இரவு வேலை செய்வோருக்கு இலவச உடற்பரிசோதனையையும் அளிக்கிறது. சொந்த நாட்டில் இவ்விதிக்குக் கட்டுப்பட்டுள்ள ஐரோப்பியக் கம்பெனிகள் நம் வட்டாரத்திலும் ஆலை நடத்துகின்றன. அங்கே தேகத்திற்குத் தேவையானது இங்கே மட்டும் தேவையற்றதாகிவிடுமோ? இரவு வேலைக்குத் தகுதியற்றவர் என்று வைத்தியர் சொன்னவரை, கூடுமானவரை அதற்கொத்த பகல் வேலைக்கு மாற்ற வேண்டும் என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 1990 ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறுகிறது. இந்தியா அதில் இன்னும் கையெழுத்திடவில்லை. இது நமக்குப் பெருமை தருவதன்று.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை வேலைநிறுத்தம் செய்தது, நிர்வாகத்தோடு சரிசமமாக உட்கார்ந்து பேசும் உரிமைக்காகவும் அல்லவா? அவ்வுரிமை எங்கெங்கு கிட்டுகிறதோ அங்கெல்லாம், கூலி, பஸ், உணவு என்னும் வரிசையில் ஷிப்டு அட்டவணையும் இடம்பெற வேண்டும். இராத்திரிப் படிக்காக மட்டும் பேரம் பேசி நிறுத்துவது உறக்கத்தை விற்பதாகும்.

அரசுக்கும் கடமை உண்டு. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் மாளிகைகள் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டதைப் பாராட்டுகிறோம். அத்தகைய விடுதிகளில் ஒரே ஷிப்டினர் ஒரே அறையில் தங்கவும், பகலில் உறங்குவோரின் தளத்தில் இருளும் அமைதியும் நிலவவும் ஏற்பாடு செய்வது பெரிய செலவன்று.

நாட்டின் செல்வத்தை இரவு பகலாக ஆக்கித் தருகிறவனுக்கு, அவன் உறங்கும் எட்டு மணி நேரத்தை நாடு காத்துத் தர வேண்டும். அது சலுகையன்று; அவன் தேகத்தின் மீது அவனுக்குள்ள உரிமை. இதை முதலாளிமாரும், சங்கத் தலைவர்களும், சர்க்காரும் உணர்ந்து இப்போதே செயலில் இறங்குவார்களாக.